காதால் படித்த எதிர்கால நாவல்

சர்க்கரை நோய் அண்ணனின் கண்களை முதலில் மங்கவைத்தது, பிறகு முழுதாகவே பறித்துக்கொண்டது. மலாக்கா பக்கம் ஜாசினில் டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகு, வீட்டில் ரேடியோ போட்டால்கூட எரிந்து விழுவார்.

மலாக்கா டவுனில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த ஆங்கில நாவலை வாங்கினேன். கம்ப்யூட்டருக்குள் மனத்தாலேயே நுழைந்து திருடும் ஒருவனின் கதை. எங்கள் வீட்டில் டெலிபோனே இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. ஞாயிறு மத்தியானங்களில் அதைத் தமிழாக்கிக்கொண்டே அண்ணனுக்கு வாசித்தேன்.

முதல் பக்கத்திலேயே திணறினேன். எல்லாம் புதுச் சொற்கள், எதற்கும் விளக்கமில்லை.

"இது என்னா மெஷின்னே எழுதலண்ணே. எனக்கே புரியல."

"ஏன் வெளக்கணும்? பாசார்ல சாமான் வாங்கறப்ப நாம மலாய், இங்கிலீஷ், தமிழ் எல்லாம் கலந்துதான் பேசறோம். யாராச்சும் நின்னு அர்த்தம் சொல்றாங்களா? அந்த ஊர் ஆளுங்க பேசற மாதிரியே எழுதியிருக்கான் லா. நிறுத்தாம படி தங்கச்சி."

நிறுத்தாமல் படித்தேன். வெட்டி வெட்டி வரும் வாக்கியங்கள். மழையில் கரையும் விளக்குகள், அழுக்கு, உலோகம், வேகம். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெரியுது," என்றார்.

கண் போன பின் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நாவல் முடிந்த அன்று, அதுவரை தொடாமல் வைத்திருந்த கைப்பேசியைக் கேட்டார். திரையில் இருப்பதை அது வாசித்துச் சொல்லும். மெல்ல மெல்ல அதன் வேகத்தைக் கூட்டினார். எனக்கு வெறும் இரைச்சலாகக் கேட்டது அவருக்கு நாட்டு நடப்பு, கடிதம், பஸ் நேரம் எல்லாமாக இருந்தது. கைப்பேசித் திரையின் மேல் அவர் விரல்கள் பறப்பதைப் பார்த்தபடி நிற்பேன். யாரோ எங்கோ கற்பனை செய்த மனிதன், கைலி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

இப்போது அண்ணனே கதை சொல்கிறார், குடும்ப வாட்ஸ்அப் குழுவில், குரல் பதிவுகளாக. ஜாசின் பஸ் நிலையத்தில், இன்னும் வராத ஒரு காலத்தில் நடக்கும் கதை.

என் மகள் ஒருநாள் கேட்டாள்: "மாமா, உங்க கதையில வர்ற அந்தப் பொண்ணு காதுல என்னாதான் மாட்டியிருக்கா? சொல்லவே இல்லையே!"

"கேட்டுக்கிட்டே வா லா. தானா தெரியும்."

போன வாரம் செர்காம் கடற்கரைக்கு அழைத்துப் போகச் சொன்னார். அடுத்த பகுதிக்கு அலைச் சத்தம் வேண்டுமாம். ஈர மணலில் நின்று, கைப்பேசியைக் கடலை நோக்கி நீட்டினார். நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.