நான் தைத்துப் போட்ட வில்லன் கோட்டு

போன மாசி மாதம், கொப்பன்ஹேகனில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது இது. டென்மார்க்கில் மாசி என்றால் வேஷம் போடுகிற காலம். சின்னப் பிள்ளைகள் ராசா, ராணி, புலி, கரடி என்று உடுத்திக்கொண்டு தடியால் பீப்பாயை அடித்து உடைப்பார்கள். வளர்ந்தவர்களும் சும்மா இருப்பதில்லை. சினிமாப் படங்களில் வருகிறவர்களைப் போல அச்சொட்டாக உடுத்திக்கொண்டு ஒரு நாள் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு, எழுபது வயது தாண்டிய நான், டோஸ்ட்ருப்பில் ரெயில் ஏறி ஒரு வில்லனுடைய உடுப்போடு போனேன். ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கிழவிக்கு என்ன பிடித்தது என்று நினைப்பீர்கள்.

என் கணவர் ஒரு சாது. கோயிலில் கடைசி வரிசையில் நிற்பார். வேலை செய்த பக்டறியில் ஒருவரோடும் குரல் உயர்த்திக் கதைத்தது கிடையாது. ஆனால் படம் பார்க்க உட்கார்ந்தால் அவருக்கு வில்லன்தான் வேண்டும். அதிலும் ஒரு வெள்ளைக்காரப் படத்து வில்லன். படத்தின் பெயர் எனக்கு வாயில் நுழையாது. கணுக்கால் வரைக்கும் கருஞ்சிவப்பு அங்கி, அதற்கு மேல் கறுப்புக் கம்பளிக் கோட்டு. ஒரு தோளில் மட்டும் முழங்கை வரை தொங்குகிற மடிப்புத் துணி. பாதி முகத்தை மூடிக்கொண்டு அவன் வந்தால் மற்றவர்கள் சுவரோடு ஒட்டுவார்கள்.

"இஞ்சரும், கதாநாயகனுக்கு என்ன, கிடைச்சதைக் கொழுவிக்கொண்டு வந்து அடிபடுறான். உடுப்பெண்டால் இவன்ரை உடுப்பு. அவன் திரும்பேக்கை பாரும், ஆள் திரும்பி முடிஞ்ச பிறகுதான் கோட்டுத் திரும்புது" என்பார். அதைக் காட்டுவதற்காகவே படத்தைப் பின்னுக்கு ஓட்டுவார். பிறகு, "எனக்கும் இப்பிடி ஒண்டு தைச்சுத் தாருமன்" என்று கேட்பார்.

"போட்டுக்கொண்டு எங்கை போகப் போறியள்? பக்டறிக்கோ?"

"ஓம். மெஷினெல்லாம் என்னைக் கண்டு பயந்து தானா ஓடட்டும்."

அவர் பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் பென்சன் எடுத்த அன்று, "இனி எனக்கு வேறை வேலையில்லை, வாரும், துணி எடுப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனார். கம்பளித் துணியும் அங்கித் துணியும் அவரே தொட்டுப் பார்த்துத் தெரிந்தெடுத்தார். அந்தப் பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ரெயிலில் ஒரு மகாராசாவைப் போல நின்று வந்தார். இருக்க இடம் இருந்தும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு நோய் வந்தது. வந்த வேகத்திலேயே அவரைக் கொண்டு போய்விட்டது. துணி வெட்டாமலே அலமாரியில் கிடந்தது.

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனால் தையல் என்றால், சொல்கிறேனே, இங்கே பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையான எத்தனை சாமத்தியவீடு, எத்தனை கலியாணம் என் சட்டைகளோடு நடந்திருக்கிறது. என் கையால் தைத்த ஒன்றும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. புரொண்பியில் இருந்தும் வருவார்கள், அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்தும் வருவார்கள்.

ஒரு நாள் என் மகள் அலமாரியை ஒழுங்கு பண்ண வந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். எந்தக் கிழவியோடும் எப்படிக் கதைப்பது என்று தெரியும், என்னைத் தவிர.

"அம்மா, இவ்வளவு துணி இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கு. ஆருக்கும் குடுப்பம்."

"அது வெட்டப் போறன்."

"என்னத்துக்கு?"

"கொப்பர் ஆசைப்பட்ட வில்லன் கோட்டுக்கு."

அவள் துணியை இழுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு, "தைச்சு ஆர் போடுறது?" என்றாள்.

"நான்."

"உங்களுக்கு விசரோ? அவன் ஆறடி. நீங்கள் அவன்ரை சப்பாத்துக்குள்ளை நிண்டு எட்டிப் பாக்கிற உயரம்."

"ஆள் கட்டையெண்டால் கோட்டும் கட்டையாய் இருக்கட்டும். கோட்டு கோட்டுத்தான்."

அவருடைய அளவு என் விரல்களுக்குத் தெரியும். அவருக்கே தைத்திருக்கலாம். ஆனால் அது கொழுவியில் தொங்கிக்கொண்டு நிற்கும். ஆள் இல்லாமல் தொங்குகிற உடுப்பை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவர் ஆசைப்பட்ட அந்தக் கோட்டு நடப்பதை, நடந்து திரும்புவதை, ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த வில்லன் படம் முழுக்க ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பான். ஒரே ஒரு இடத்தில்தான் அசையாமல் நிற்பான். தன் அறையில் தனியே நின்று தன்னையே பார்க்கிற இடம். மகள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தித் தருவாள். நான் தொலைக்காட்சிக் கண்ணாடியில் நூலைப் பிடித்து அளப்பேன். கொலர் அவன் காதுக்கு எவ்வளவு கீழே, கோட்டின் கீழ்க்கரை அங்கியின் கரைக்கு எவ்வளவு மேலே, தோள் துணியில் மடிப்பு எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டினேன். அவனுடைய பொத்தான்கள் கழுத்தில் இருந்து இடுப்புக்குச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவு வருவதற்குள் என் உயிர் போய் வந்தது. சட்டை தைக்கிற கைக்குக் கம்பளி சொல்வழி கேட்காது. கொலரைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். உயரமானவருக்கு எடுத்த துணி ஆனபடியால் மடிப்புகளுக்குப் பஞ்சம் இல்லை.

தைத்து முடித்து, புது உடுப்பென்று உள்பக்கம் ஒரு பொட்டு மஞ்சள் வைத்து, போட்டுப் பார்த்தேன். அச்சொட்டாக இருந்தது. கண்ணாடி முன்னால் திரும்பினேன். அப்போதுதான் விளங்கியது. நான் திரும்பும்போது என் கண்ணும் சேர்ந்தல்லவா திரும்புகிறது? கோட்டுத் திரும்புவதை நான் எப்படிப் பார்ப்பது? மகள் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் காட்டினாள். துணி போர்த்துவிட்ட ஆட்டுக்கல் சுழன்றது போல இருந்தது. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"வீட்டுக்குள்ளை சுத்துறதுக்கில்லை அம்மா இந்தக் கோட்டு. நடக்க இடம் வேணும். வாங்கோ, நான் ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள்.

ரெயில் நிலையத்தில் கோயிலில் பழக்கமான ஒரு பெண் எதிரே வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, எங்கை இந்தக் கோலத்திலை? சூரன்போருக்கோ?"

"சூரன்போர் எப்பவோ முடிஞ்சுது, தங்கச்சி. இந்தமுறை சூரன் வெண்டிட்டான். அதைக் கொண்டாடப் போறன்."

மகள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மண்டப வாசலில் அவனைப் போலவே பாதி முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு உள்ளே போனால், யாரும் என்னை விசித்திரமாகப் பார்க்கவில்லை. செட்டை கட்டியவர்கள், கொம்பு வைத்தவர்கள், உடம்பெல்லாம் தகரம் மாட்டியவர்கள். முகம் முழுக்கப் பச்சை பூசிய ஒருவர் மிக மரியாதையாக என்னிடம் வந்து கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அப்போது கூட்டம் விலகியது. எதிரே அவன் வந்தான். அந்த வில்லன்.

அதே கருஞ்சிவப்பு அங்கி, அதே கறுப்புக் கோட்டு, பாதி முகம் மூடியிருந்தது. என் கணவருடைய உயரம். என்னைக் கண்டதும் அப்படியே நின்றான். நானும் நின்றேன். நான் இடக்கையால் என் தோள் துணியைச் சரிசெய்தேன். அவன் வலக்கையால் தன் தோள் துணியைச் சரிசெய்தான். நிலைக்கண்ணாடி பார்ப்பது போலவே இருந்தது. பாருங்கள், ஒரு மடிப்புக்கூடப் பிசகவில்லை என்று என் நெஞ்சு நிமிர்ந்தது.

யாரோ ஒருவர் படம் எடுக்க எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பார்த்தால், அந்த வில்லன் ஆளுக்குத் துணி இடது தோளில். எனக்கு வலது தோளில். பொத்தான்களும் அவருக்கு ஒரு பக்கம் சரிகின்றன, எனக்கு மறுபக்கம்.

"பாவம், அந்த ஆளுக்குப் பிழைச்சுப் போச்சு, பிள்ளை" என்று மகளின் காதில் சொன்னேன். "நீ சொல்லிப்போடாதை. கவலைப்படுவார்."

மகள் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தாள். முகம் மாறியது.

"அம்மா, அவருக்கில்லை. எங்களுக்குத்தான்."

"என்ன கதைக்கிறாய்?"

"நாங்கள் படத்தை நிப்பாட்டிப் பாத்த இடத்திலை அவன் நிலைக்கண்ணாடிக்கு முன்னாலை நிக்கிறான். எங்களுக்குத் தெரிஞ்சது கண்ணாடிக்குள்ளை நிக்கிறவன். பக்கம் மாறித்தானே தெரியும்."

அந்த இடத்திலேயே எனக்குக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகலாம் போல இருந்தது. ஊராருக்கெல்லாம் பிழையில்லாமல் தைத்துக் கொடுத்த கை, அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஒரு உடுப்பைத் பக்கம் மாற்றித் தைத்திருக்கிறதே. "வா, வீட்டை போவம்" என்றேன்.

அந்த மனிதருக்கு எங்கள் மொழி தெரியாது. ஆனாலும் என் கண்ணில் எதையோ கண்டுவிட்டார். முகமூடியைக் கீழே இழுத்தார். உள்ளே சிவந்த தாடியோடு ஒரு டெனிஷ்காரர், என் மகளின் வயது இருக்கும். மகள் அவரிடம் என் காதுக்குப் பிடிபடாத வேகத்தில் டெனிஷில் நடந்ததைச் சொன்னாள். கணவருடைய கதையையும் சொல்லியிருக்க வேண்டும், கொஞ்சம் நீளமாகத்தான் கதைத்தாள். அவர் குனிந்து என் கொலரைப் பார்த்தார். பொத்தான் துளையைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் கொலரை மடித்துக் காட்டினார். பசை போட்டு ஒட்டியிருந்தது! எனக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மகளிடம் ஏதோ சொன்னார்.

"அம்மா, இவன்ரை உடுப்பை எத்தினையோ பேர் போட்டுக்கொண்டு வருவினமாம். கண்ணாடிக்குள்ளை நிக்கிறவனாய் ஒருத்தரும் வந்ததில்லையாம். இண்டைக்குத்தான் தனக்கு எதிரிலை ஆள் வந்திருக்காம்."

"என்னைத் தேத்துறதுக்கு நீயாய்ச் சோடிச்சுச் சொல்லுறியோ?"

"இல்லையம்மா. அவர்தான் சொல்லுறார்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது.

"அவரை ஒருக்கா நடந்து காட்டச் சொல்லு, பிள்ளை. மண்டபத்தின்ரை அந்தத் தொங்கல் மட்டும் போய், திரும்பி வரச் சொல்லு."

மகள் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. முகமூடியை மேலே இழுத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். சனம் தானாக வழிவிட்டது. அகன்ற தோள், நெடிய முதுகு. கோட்டின் கீழ்க்கரை ஒரு பக்கம் போய், மறுபக்கம் போய், அங்கியின் சிவப்பு இடைக்கிடை தெரிந்து மறைந்தது. அவர் தூரப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட வேண்டும் போல இருந்தது. என் கணவரை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சருங்கோ" என்பதுதான் நான் கூப்பிடுகிற பெயர். அது வாய் வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மண்டபத்தின் மறுமுனைத் தொங்கலில் போய் அவர் திரும்பினார். ஆள் திரும்பினார். ஒரு கணம் பொறுத்துத்தான் கோட்டுத் திரும்பியது. என் கணவர் சொன்னபடியே.

பிறகு அந்த உருவம் என்னை நோக்கி நடந்து வந்தது. என் முகமும் பாதி மூடியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. மகளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி நின்றாள்.

"சரியோ எண்டு கேக்கிறார், அம்மா."

"கையை ஒரு சொட்டுக் கூடுதலா ஆட்டுறார். மற்றபடி நல்ல நடையெண்டு சொல்லு."

அவர் சத்தமாகச் சிரித்தார். பழைய காலத்து ராசாவுக்கு வணங்குவது போல எனக்குக் குனிந்து வணங்கிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். பெயரை நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கோட்டுக்குள் வேறு ஒருவர் இருந்துவிடுவார் என்று ஒரு பயம்.

கோட்டைப் பிரித்து மாற்றித் தைப்போமா என்று மகள் பலமுறை கேட்டுவிட்டாள். பிழையை விட்டுவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் வேண்டாம் என்றுவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு நின்றால், எதிரே ஒருவர் நிற்பதற்கு இடம் இருக்கிறது போல ஓர் எண்ணம்.

போனவர் திரும்பி வரமாட்டார் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஒரு மனிதர் நான் கேட்ட ஒரு வார்த்தைக்காக அந்தத் தொங்கல் மட்டும் போய்த் திரும்பி வந்தாரே, அந்த ஒரு நடையை நினைத்துக்கொண்டுதான் இந்த நாட்டின் நீண்ட குளிர் காலப் பின்னேரங்களை நான் கடத்துகிறேன்.