சுமார் அத்தை

எதைக் கேட்டாலும் என் அத்தை "சுமார்" என்றுதான் சொல்வாள். சாப்பாடு எப்படி? சுமார். உடம்பு? சுமார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். கறுப்பு அங்கியில் எடுத்த படத்தைக் காட்டியபோது மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சுமாரா இருக்கேடி" என்றாள். பிறகு அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சிக்கல் வேலையில்தான் வந்தது. மலிவான கோல்ஃப் ரிசார்ட் ஒன்றுக்குத் தொலைபேசியில் அறை பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. ரிசார்ட் ஊருக்கு வெளியே தொலைவில் இருந்தது. அலுவலகம் மருந்துக் கடை மாடியில். அதே அலுவலகத்தில் ரிசார்ட்டின் இணையப் பக்கத்துக்கு எழுதித் தரும் வேலை எனக்கும் கிடைத்திருந்தது. "பசுமையின் மடியில் ஒரு சொர்க்கம்" என்று நான் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். பக்கத்து மேசையில் அத்தையின் குரல் கேட்கும்.

"ரூம் சுமார்தான் சார். பெட்டியைக் கீழ வெச்சா நீங்க கட்டில் மேல நிக்கணும்... மைதானமா? ஒன்பது குழிதான். பதினெட்டு வேணும்னா அதையே இன்னொரு சுத்து சுத்தணும்... மட்டை வாடகைக்குக் கிடைக்கும், கைப்பிடியில டேப் சுத்தியிருக்கும்... காலை நேரம் உறுப்பினருங்களுக்கு சார். பேக்கேஜ்ல வர்றவங்களுக்கு மத்தியான வெயில்தான். தொப்பி எடுத்துக்குங்க."

சிலர் பாதியில் வைத்துவிடுவார்கள். பலர் சிரித்துக்கொண்டே பதிவு செய்வார்கள்.

புதிதாக வந்த மேனேஜர் இதை ஒரு நாள் முழுக்கக் கேட்டார். "அக்கா, நீங்க ஆளைக் கூப்பிடுறீங்களா, விரட்டுறீங்களா? இனிமே சுமார்ங்கிற வார்த்தையே கூடாது. அருமைன்னு சொல்லுங்க."

அத்தை சொன்னபடி செய்தாள். "வெந்நீர் வருமாம்மா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "அருமையா வரும் சார்" என்றாள். அவர் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"நீங்கதானே சார் சொல்லச் சொன்னீங்க? எப்பவாவது வர்றதை அருமைன்னுதானே சொல்லுவாங்க?"

நான் சிரித்தேன். மேனேஜர் சிரிக்கவில்லை. "நீங்க அந்த இடத்தைப் பார்த்திருக்கீங்களா?"

அத்தை இல்லையென்று தலையாட்டினாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அங்கே போனதில்லை. திரும்பிப் போனவர்கள் தொலைபேசியில் புலம்பியதிலிருந்து தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

"விருந்தாளியா போய்த் தங்கிட்டு வாங்க. என்ன சொல்லணும்னு வந்து நீங்களே சொல்லுங்க. சரிப்படலன்னா போன் வேலையை வெளி கம்பெனிக்குக் குடுத்துடுவேன்" என்றார் மேனேஜர்.

துணைக்கு நானும் போனேன். போகிற வழியெல்லாம் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவள் குறையைச் சொன்னாள், நான் சொர்க்கம் என்றேன். யார் சொன்னது உண்மைக்குப் பக்கத்தில்?

அறைக்குள் நுழைந்ததும் அத்தைக்கு ஒரே சந்தோஷம். "நான் சொன்ன மாதிரியே இருக்கு பாரு! பெட்டியை வெச்சா நிக்க இடமில்ல." சுவரும் மெல்லியது. பக்கத்து அறையில் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள்.

"இருமல் மருந்து வேணுமா?" என்று அத்தை சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"குடுங்கம்மா, புண்ணியமா போகும்" என்றது சுவர்.

அப்படித்தான் பக்கத்து அறைக்காரர் பழக்கமானார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருடாவருடம் வருகிறவர். மறுநாள் மத்தியானம் அவரோடு மைதானத்துக்குப் போனோம். புல் அங்கங்கே கருகியிருந்தது. அவர் அடித்த பந்து புதருக்குள் போனது. அடுத்ததும் போனது. முகத்தில் வருத்தமே இல்லை.

"எல்லாமே சுமாரா இருக்கே, ஏன் சார் மறுபடி மறுபடி வர்றீங்க?" என்றாள் அத்தை.

"பெரிய கிளப்புல நான் மட்டையைத் தூக்கினாலே பின்னால நாலு பேர் முறைப்பாங்கம்மா. இங்க பாருங்க, எல்லாரும் நம்ம ஜாதி, பந்து தேடுற ஜாதி. யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இதை ஒருத்தருமே எங்கிட்ட சொன்னதில்லையே."

"நல்லா இருக்குன்னு சொல்ல யாரும்மா போன் பண்ணுவா?" என்று மட்டையை நீட்டினார். "நீங்க ஒண்ணு போடுங்க."

முதல் வீச்சில் புல் பெயர்ந்தது. அடுத்ததில் செருப்பு பறந்தது. அதற்கடுத்து, எப்படியோ, பந்து 'டக்' என்று எழும்பியது. அத்தை வாயைப் பிளந்து அதையே பார்த்தாள். அது நேராகக் குளத்தில் விழுந்தது.

"ஐயோ! வேற வாங்கித் தந்துடறேன் சார்."

"வாங்கியெல்லாம் தர வேணாம். அடுத்த வருஷம் வந்து அந்தக் குளத்தைத் தாண்டி அடிங்க. கடன் தீர்ந்துது."

திரும்பி வந்த அன்று மேனேஜர் அத்தையின் மேசையருகிலேயே உட்கார்ந்துகொண்டார். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ரூம் சுமார்தாங்க. வெந்நீரை நம்பாதீங்க." மேனேஜர் நெற்றியில் கை வைத்தார். "ஆனா ஒண்ணு. ஆடத் தெரியாதவங்க தைரியமா வரலாம். அங்க யாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்க. நானே ஆடினேன்."

அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு பெண் குரல், "எனக்கும் என் தங்கச்சிக்கும் சுத்தமா ஆட வராதும்மா. அதைக் கேக்கத்தான் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு ரூம் போடுங்க" என்றது.

"அந்தச் சுமாரை மட்டும் விட மாட்டீங்க, இல்ல?" என்றார் மேனேஜர்.

"வெந்நீரைச் சரி பண்ணுங்க சார், விட்டுடறேன்."

அவர் எழுந்து போனார். போன் அத்தையிடமே இருந்தது. நான் சொர்க்கத்தை அழித்துவிட்டு, "ஆடத் தெரியாதவர்களும் வரலாம்" என்று எழுதினேன். அந்த ஒரு வரியைத்தான் இன்றைக்கும் கூசாமல் படிக்க முடிகிறது.

அதன்பின் ஆடத் தெரியாதவர்களாகவே வந்து குவிந்தார்கள். விடுமுறைக் காலத்தில் அத்தையால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடிவதில்லை. கண்ணாடிக் கடைக்காரர் வருடம் தவறாமல் பதிவு செய்யக் கூப்பிடுகிறார். "என்னம்மா, குளம் காத்துக்கிட்டிருக்கு" என்கிறார்.

"அடுத்த தடவை கண்டிப்பா சார்" என்கிறாள் அத்தை. அதற்குள் அடுத்த போன் அடிக்கிறது.