லண்டனில் குழிக்குள் போன மந்திரி

தொண்ணூறுகளில் பர்மாவில், லத்தா என்ற வட்டாரத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்தேன். பொட்டலம் கட்ட, வெளிநாட்டார் வீடுகளில் கழித்த ஆங்கிலப் பத்திரிகைகளை எடைக்கு வாங்குவேன். ஒன்றில் ஒரு லண்டன்காரர் வாராவாரம் பத்தி எழுதுவார். பாதி அவர் சொந்த வாழ்க்கை: ரயிலில் தொலைத்த குடைகள், அவரை மதிக்காத அவர் மனைவியின் நாய். மீதி மந்திரிகள். மந்திரி ரேடியோவில் பேச ஆரம்பித்தால் அந்த நாய்கூட எழுந்து வெளியே போய்விடுகிறது என்று எழுதுவார். யாரும் அவரைப் பிடித்துக்கொண்டு போவதில்லை; மறுவாரமும் எழுதுவார். அதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

நான் எட்டாவது வரை படித்தவன். அகராதியோடு ஒரு பத்தியைக் கடக்க ஒரு வாரம் ஆகும். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம் வேறு. ஆனால் பக்கத்து டீக்கடைக்காரர், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவர், விடமாட்டார்.

"என்னங்கிறாரு உங்க லண்டன்காரரு?"

"ரோட்டுக் குழி மேல கம்பளம் விரிச்சாங்களாம், நானா. ரோட்டைத் திறக்க வந்த மந்திரி குழிக்குள்ள போயிட்டாராம். அங்கிருந்தே பேச்சை முடிச்சாராம். கைதட்டினது ஒரு தவளை மட்டும்தானாம்."

கடையே சிரித்தது. வினை என்னவென்றால், அந்த வாரம்தான் ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று எங்கள் தெருக் குழிகள் மேல் பலகை போட்டுக் கம்பளம் விரித்திருந்தார்கள்.

டீக்கடைக்கு வருபவர்களில் ஒருவர் டீக்காக வருவதில்லை, ஒட்டுக்கேட்க வருகிறார் என்பது ஊருக்கே தெரியும். யார் என்பதுதான் தெரியாது. மறுநாளே வட்டாரத் தலைவர் பத்திரிகையோடு வரச் சொல்லிக் கூப்பிட்டனுப்பினார். என் கடை லைசென்ஸ் அவர் மேசைமேல் கிடந்தது. அது போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது.

"குழியில விழுந்தது யாரு?" என்றார் பர்மியத்தில்.

"லண்டன் மந்திரி, சயா" என்றேன். ஐயா என்பதற்கு அங்கே சயா.

"லண்டன்ல குழி இருக்கா?"

"இருக்குன்னு எழுதியிருக்காரு."

"லண்டன் குழிக்கு லத்தாவுல ஏன் சிரிக்கிறாங்க?"

பதில் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"படிச்சுச் சொல்லு" என்றார். வரி வரியாகப் பர்மியத்தில் சொன்னேன். தவளை வந்த இடத்தில் அவர் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு சட்டையில் தெறித்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சட்டென்று நிறுத்தி, கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல் குனிந்திருந்தேன்.

"என்னத்தைப் பாத்தே?"

"என் கால் கட்டைவிரலை, சயா."

லைசென்ஸை என் பக்கம் தள்ளினார். "பத்திரிகை பறிமுதல்" என்றார்.

படி இறங்கும்போது உள்ளே மறுபடி சிரிப்புக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.