காலிப் பானையைக் கிளறும் சத்தம்

லாசேயின் அம்மா வாயால் பொய் சொன்னதே இல்லை. பொய் சொல்ல அவர் கையில் ஓர் அகப்பை இருந்தது. அரிசி தீர்ந்துபோன நாட்களில், உயரக் கால்கள் மேல் நின்ற மூங்கில் வீட்டுக்குக் கீழே யாராவது நடந்துபோகும் சத்தம் கேட்டால் வெறும் பானையை அடுப்பில் தூக்கிவைத்து, அகப்பையால் அடியைச் சுரண்டிக் கிளறுவார். "சாப்பிட்டாச்சா?" என்று கீழேயிருந்து குரல் வரும். "மேல வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று அம்மா கூப்பிடுவார். யாரும் மேலே வரமாட்டார்கள். வரக்கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும், அவர்கள் வீட்டிலும் அகப்பை உண்டு.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். சொன்னவர் எங்கள் அகதி முகாமுக்கு வந்ததில்லை. இங்கே ஒன்பதுதான் பறக்கும், மானம் மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும்.

லாசேயை அவள் அப்பா முதுகில் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து தாய்லாந்துப் பக்கம் வந்தபோது அவளுக்குப் பல் முளைத்திருக்கவில்லை. அன்றிலிருந்து இந்தச் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில், இலைக்கூரைக்குக் கீழேதான் வாழ்க்கை. பர்மா அவளைத் தன் பிள்ளை என்று எழுதிவைக்கவில்லை, தாய்லாந்தும் எழுதிக்கொள்ளவில்லை. முகாம் பள்ளியில் படித்தாள், ஆங்கிலமும் தாய்லாந்து மொழியும் பிடிபட்டன. கொஞ்ச நாள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதால் எல்லாருக்கும் அவள் தாராமு, எங்கள் கரென் மொழியில் டீச்சர். வாய் கொஞ்சம் நீளம். யாராவது "ஐயோ பாவம்" என்றால் அந்த ஆளோடு ஒரு மாதம் பேசமாட்டாள்.

இப்படிப்பட்டவளைத்தான் ஆச்சான் சுதீரா கேள்வி கேட்கும் வேலைக்கு எடுத்தார். தாய்லாந்தில் ஆசிரியரை ஆச்சான் என்பார்கள், சுதீரா சியாங் மாய் நகரில் பேராசிரியை. முகாமில் பால் கொடுக்கும் தாய்மார்கள் மாதக் கடைசியில் என்ன சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு எந்த உணவைக் கூட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் பிழைக்கும் என்று ஆராய்வது அவர் வேலை. "சாப்பிட்டீர்களா?" என்று நேராகக் கேட்டால் எங்கள் ஆட்கள் செத்தாலும் "ஆச்சு" என்பார்கள். ஆகவே லாசே சுற்றிவளைத்துக் கேட்பாள். பேசிக்கொண்டே அடுப்புச் சாம்பலைப் பார்ப்பாள், கருவாட்டு மணம் இருக்கிறதா என்று மூக்கை நீட்டுவாள். பாம்பின் கால் பாம்பறியும். ஒரு வீட்டுப் படியில் நின்றே அகப்பை சோற்றில் போகிறதா, வெறும் அலுமினியத்தில் போகிறதா என்று சொல்லிவிடுவாள்.

அவளுடைய தம்பி மனைவி வாபா பக்கத்து வீடு. எங்களிடம் ஒருத்தி தாயானால் அவள் பெயர் போய்விடும். பிள்ளையின் பெயரோடு 'மோ', அதாவது அம்மா, சேர்த்துத்தான் கூப்பிடுவோம். வாபாவையும் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டோம். அந்தப் பிள்ளை மூன்றாம் மாதம் குரல் கம்மி, வாயை மட்டும் திறந்து சத்தமில்லாமல் அழுது, ஒரு விடியலில் இறந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் எல்லாரும் விழித்தோம். பிறகு அவள் மறுபடியும் வாபா ஆனாள். போன மழைக்காலத்தில் எடோ பிறந்தான், அவள் எடோ மோ ஆனாள். அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பிள்ளை தூங்கும்போதும் உள்ளங்காலைக் கிள்ளி அழவைத்து, குரல் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வாள்.

பெரிய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க ஓர் அறக்கட்டளை யோசித்துக்கொண்டிருந்தது. கிடைத்தால் எங்கள் பிரிவில் பால் கொடுக்கும் ஒவ்வொரு தாய்க்கும் பயறு, முட்டை, மீன், சத்து மாத்திரை என்று இரண்டு வருடம் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு முன் அந்த அறக்கட்டளையின் அம்மாள் ஒரு வீட்டை மாதக் கடைசியில் நேரில் பார்க்க விரும்பினார். எதையும் தயார் செய்யாதீர்கள், உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று ஆச்சான் சொல்லியனுப்பினார். எந்த வீடு என்று லாசே யோசித்து முடிக்கும் முன்பே எடோ மோ, "எங்க வீட்டுக்கு வரட்டும்" என்றாள். லாசேக்கு அது துளியும் பிடிக்கவில்லை. நூறு வீட்டுச் சாம்பலைக் கிளறியவளுக்குத் தம்பி வீட்டுச் சாம்பல் என்றதும் கை கூசியது.

அன்று காலை எடோ மோ வீட்டில் சோறும் உப்புத் தண்ணீரும்தான். தம்பி தாய்லாந்துக்காரர்களின் சோளக்காட்டில் திருட்டுத்தனமாகக் கூலிக்குப் போயிருந்தான். விருந்தாளி வருகிற செய்தி பாறை வரை எட்டிவிட்டது. முதலில் வந்தது எதிர்வீட்டு மூகா பிலே. மூகா என்றால் அத்தை, ஊருக்கே அத்தை. கையில் அவளுடைய ஒரே முட்டைக் கோழி, கழுத்து ஏற்கெனவே திருகியாகிவிட்டது.

"ஏன் முழிக்கிற? விருந்தாளிக்கு வெறுஞ்சோத்தக் காட்டினா ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் சிரிப்பாங்க. தண்ணிய வை."

அடுத்து ஒருத்தி வாழைப்பூ கொண்டுவந்தாள், இன்னொருத்தி அரைக்குப்பி எண்ணெய், யாரோ ஒரு பொட்டலம் காப்பித் தூள். எடோ மோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாசேயின் காதருகில் வந்து நின்றாள்.

"அக்கா, அவங்க வெறும் பானைய பாக்கத்தான வராங்க?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூகா முணுமுணுத்துக்கொண்டே கோழியைத் திரும்ப எடுத்துப் போயிருப்பாள். லாசே அந்தக் கோழியைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், அம்மாவின் அகப்பை ஞாபகம் வந்தது. "நீ பேசாம புள்ளய பாரு" என்றாள். பிறகு தானே உட்கார்ந்து இறகு பிடுங்கினாள்.

விருந்தாளி நல்ல மனுஷி. குனிந்து வந்தார், தரையில் உட்கார்ந்தார், ஜெபம் முடியும்வரை கண்ணை மூடியிருந்தார். கோழிக் குழம்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார், மூகா இரண்டாம் முறையும் ஊற்றினாள். ஆச்சான் மட்டும் குழம்பையும் லாசேயையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குக் கரென் மொழியில் "சாப்பிட்டாச்சா" என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. இப்படி எத்தனை நாளைக்கு ஒருமுறை சமைப்பீர்கள் என்று அந்த அம்மாள் எடோ மோவைக் கேட்டார். லாசே அதைக் கரெனில் கேட்டாள்.

எடோ மோ தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்து வரை சிவந்துபோனாள். ஆனாலும் சொன்னாள்.

"இது எங்களோடது இல்ல. மூகாவோட கோழி. ரேஷன் தீர்ந்ததுலேர்ந்து சோறும் உப்புந்தான். எம் முதல் புள்ள அப்படித்தான் போச்சு. இவனையும் விட்டுருவேனோன்னு பயமா இருக்கு. சொல்லுங்க அக்கா."

குழம்புக் கரண்டியோடு மூகா சிலையாகி நின்றாள். வாசலில் எட்டிப்பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். லாசேக்குக் காது அடைத்தது. வாயில் ஆங்கில வார்த்தைகள் தயாராகத்தான் இருந்தன. அவள் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "விருந்தாளிகள் வரும்போது சமைப்போம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் உதவுவார்கள்" என்றாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, அகப்பைச் சத்தத்தைப் போல.

அந்த அம்மாள் நெகிழ்ந்துபோய் எடோ மோவின் கையைப் பிடித்துக்கொண்டார். எடோ மோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு அழுதாள்.

பணம் வரவில்லை. இங்கே மக்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கிறார்கள், இதைவிடத் தேவை அதிகமான இடத்துக்கு முதலில் கொடுக்கிறோம் என்று பணிவாகச் சொல்லிவிட்டார்களாம். ஆச்சான் போனில் சொல்லிவிட்டு, "அன்று அந்தப் பெண் நிறையப் பேசினாளே?" என்று கேட்டார். "நன்றி சொன்னாள்" என்றாள் லாசே. போனை வைத்த பிறகு பன்றிக்குப் போடும் வாழைத்தண்டை நறுக்கப் போனாள்.

எடோ மோ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். "வெக்கத்த விட்டு சொன்னேன். கைய வேற புடிச்சாங்க. கேட்டுட்டும் போயிட்டாங்களே" என்றாள் ஒரே ஒருமுறை. பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் வீட்டுப் படியைத் தாண்டும்போது லாசே வேறு பக்கம் பார்த்து நடக்கப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமை பாவமன்னிப்பு ஜெபத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள், பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

குளிர் தொடங்கிய ஒரு மாதக் கடைசியில், விறகுக் கட்டோடு தம்பி வீட்டுக்குக் கீழே போனவள் நின்றுவிட்டாள். மேலே அகப்பை கிளறிக்கொண்டிருந்தது. அடி சுரண்டும் சத்தம், இடையில் சோறு இல்லாத சத்தம். எடோ மோ அதற்குமுன் ஒருநாளும் இப்படிக் கிளறியதில்லை. எங்கள் ஆட்களில் அவள் ஒருத்திதான் இல்லாததை இல்லை என்று சொல்லக்கூடியவளாக இருந்தாள்.

"சாப்பிட்டாச்சு அக்கா, மேல வாங்க" என்றாள் உள்ளேயிருந்து, கேட்காமலே.

லாசே விறகைப் போட்டுவிட்டு மேலே ஏறினாள். எடோ மோ ஒரு கையில் அகப்பையை வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் எடோவின் உள்ளங்காலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவன் அழுதான். குரல் ஓட்டை விழுந்த ஊதல் மாதிரி வந்தது.

மருத்துவமனைக்கு அவர்கள் ஓடிய ஓட்டத்தை வழியில் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அங்கே நர்ஸ் பிள்ளையின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள்.

"எல்லாம் சாப்பிடறேன். பயறு, மீனு, எல்லாம்" என்றாள் எடோ மோ.

நர்ஸ் தலையாட்டிவிட்டு, அப்படியானால் இது வேறு ஏதோ காய்ச்சல் என்று மருந்து தேடத் திரும்பினாள். அப்போதுதான் லாசேக்குத் தான் செய்தது முழுசாக விளங்கியது. உண்மை சொல்லத் தெரிந்த ஒரே வாயையும் அவள் அடைத்துவிட்டிருந்தாள்.

"பொய் சொல்றா. சோறும் உப்புத் தண்ணியுந்தான். முதல் புள்ளையும் இப்படித்தான் குரல் கம்மி செத்துச்சு" என்றாள் லாசே. நர்ஸ் அலமாரியிலிருந்து வேறொரு ஊசியை, தாய்ப்பாலில் பி1 சத்து இல்லாத பிள்ளைகளுக்குப் போடுவதை, எடுத்தாள்.

எடோ மோ சலிப்பாகச் சிரித்தாள். "சொல்லி என்ன ஆகப்போவுது? அன்னிக்கும் சொன்னேனே."

"நீ சொன்ன. நான் அவங்ககிட்ட சொல்லல."

எடோ மோவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஏன்?" என்றாள்.

"வெக்கமா இருந்துச்சு."

நர்ஸ் ஊசி போட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் எடோவின் குரல் திரும்பியது. அந்த வார்டே காதைப் பொத்திக்கொள்ளும்படி கத்தினான். எடோ மோ அவனைத் தோளில் போட்டுக்கொண்டு லாசேயைப் பார்க்காமலே பேசினாள்.

"எம் புள்ள உசுரு ஒங்க வெக்கத்தவிட மட்டமா போச்சா அக்கா? அவங்கள திரும்ப வரச் சொல்லுங்க. நான் இன்னொரு தடவ சொல்றேன். ஆனா எனக்கு நீங்க பேச வேணாம்."

லாசே அன்றே ஆச்சானுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டவில்லை. இனி அவள் கேள்வி கேட்கப் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னார். அறக்கட்டளைக்கு எழுதிப் பார்ப்பதாகவும் சொன்னார். லாசே தன் வீட்டுப் பயறையும் கருவாட்டையும் பாதி எடுத்து எடோ மோவின் படியில் வைத்தாள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, வார்த்தை வரவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து அறக்கட்டளையிலிருந்து வேறொருவர் வந்தார், கண்ணாடி போட்ட இளைஞர். ஆச்சான் மொழிபெயர்க்க அந்த நர்ஸை அழைத்து வந்திருந்தார். இந்த முறை மூகா பிலே வெறுங்கையோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள், அவளிடம் வேறு கோழியும் இல்லை. லாசேக்கு வாசல்படிதான் இடம். எடோ மோ பானையின் மூடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அன்று சொன்னதையே சொன்னாள். நர்ஸ் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். உப்பு, மூகாவின் கோழி, செத்த பிள்ளை, எதையும் விடவில்லை. தன் தம்பி வீட்டின் ஒவ்வொரு மூலையும் அந்நிய மொழியில் விரிவதைக் கேட்டுக்கொண்டு லாசே எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் அடுப்புப் போல எரிந்தது.

இளைஞர் கடைசியில் வாசல் பக்கம் திரும்பி, இன்று காலை நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று அவளையே கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டதால் நடுவில் யாரும் இல்லை. 'ஆச்சு' என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கீழே ஆட்கள் நின்றார்கள். மூகா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

லாசே ஆங்கிலத்தில் சொல்லாமல், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கரெனில் சொன்னாள்.

"சாப்பிடல. எங்க வீட்டுப் பானையும் காலிதான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நர்ஸ் அதையும் இளைஞரிடம் சொன்னாள். எடோ மோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, அவளருகில் படியில் உட்கார்ந்தாள்.