மேலே பார்த்தாச்சா

படகுத் துறையில் அவருக்குப் பட்டப்பெயர் 'பாத்தாச்சு'. கயிறு, கம்பி, பாய்மரம் என்று எதைச் சரிபார்க்கக் கொடுத்தாலும், முடித்துவிட்டு அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார். அதற்கப்புறம் யாரும் மறுபடி போய்ப் பார்த்ததில்லை. அந்தச் சொல்லில் ஒரு வசதி உண்டு. யார் பார்த்தது, எங்கிருந்து பார்த்தது என்று அது வாயைத் திறக்காது.

அவருடைய தங்கையும் அவள் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு கேட்டமரான் வாங்கியிருந்தார்கள். இரண்டு உடல்களைச் சேர்த்துக் கட்டிய பாய்ப்படகு. அதன் முன்பாயைச் சுருட்டும் கருவி பழசாகி அடம்பிடித்தது. அண்ணன் இருக்கும்போது வேறு ஆளைத் தேடுவார்களா? கீழ் உருளையைக் கழற்றிப் புதியது மாட்டினார். தேய்ந்த கயிற்றை மாற்றினார். பாயின் தலையைத் தாங்கும் சுழலியையும் புதிதாகப் போட்டு, கீழே நின்றபடியே கயிற்றால் இழுத்து மேலே ஏற்றினார்.

மிச்சம் ஒன்று இருந்தது. பாயை மேலே இழுத்துப் பிடிக்கும் கயிறு, உச்சியில், பாய் சுருளும் முன்கம்பியை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் பாயோடு சேர்ந்து அதுவும் கம்பியைச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் பாய் சுருளாது. கருவி மாறினால் அந்த இடைவெளியும் மாறும், ஆகவே பாய்மரத்தில் ஏறிப் பார்த்தே தீரவேண்டும்.

அவர் ஏறவில்லை. போன வருடம் உச்சியில் தொங்கும்போது தலை சுற்றியதிலிருந்து, ஏணியைக் கண்டாலே மனிதருக்கு உள்ளங்கை வேர்க்கிறது. வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமாம். பெரிய மானம். கீழே நின்று பைனாகுலரில் பார்த்தார். கீழிருந்து பார்த்தால் ஒட்டியதும் விலகியதும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது அவருக்குத் தெரியாததா?

"அண்ணா, மேலயும் பாத்தாச்சா?" என்றாள் தங்கை.

"பாத்தாச்சு."

பொய் இல்லையே என்று அன்று முழுக்கத் தன்னோடு வாதாடினார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் அவள் வீட்டுக்காரரும் கடலுக்குப் போனார்கள். காற்று வலுத்தது. முன்பாயைச் சுருட்டத் தங்கை கயிற்றை இழுக்க இழுக்க, பாய் பாதி சுருண்டு நின்றுவிட்டது. படபடத்த பாயைப் பிடிக்க முன்னால் போனார் அவள் வீட்டுக்காரர். பாயின் கயிறு சுண்டி அடித்ததில் மணிக்கட்டு முறிந்தது. எஞ்சினைப் போட்டு எப்படியோ கரை சேர்த்தாள்.

சேதி கேட்டு மாலையில் அண்ணன் போனபோது, தங்கை வீட்டுக்காரர் மாவுக்கட்டோடு சோபாவில் சாய்ந்திருந்தார்.

"வாங்க மச்சான். உங்க தங்கச்சி என்னை ஒரு வழி பண்ணிட்டா" என்று சிரிக்கப் பார்த்தார்.

தங்கை சிரிக்கவில்லை. "நாந்தான் அண்ணா. பயத்துல முரட்டுத்தனமா இழுத்துட்டேன். நீ பாத்துக் குடுத்தத நான் கெடுத்துட்டேன். இனிமே கயிறத் தொடமாட்டேன்" என்று அழுதாள்.

தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். பழி சுமக்க ஆள்தான் கிடைத்துவிட்டதே. ஆனால் அவள் அழுவதைப் பார்க்கப் பார்க்க, தன்மேலேயே அருவருப்பு வந்தது அவருக்கு.

"உன்மேல தப்பில்லம்மா. நான் மேல ஏறவே இல்ல. கீழருந்துதான் பாத்தேன். ஏற பயமா இருக்கு, ரொம்ப நாளாவே."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே புரியாதவளாக அவரைப் பார்த்தாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, நானே ஏறிப் பாத்திருப்பேனே அண்ணா."