சீட்டு கிழித்த பிறகு

தேங்காய்த் தட்டை நீட்டியவள் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள். தட்டின் மறுவிளிம்பு ஏகாம்பரநாதன் கையில் இருந்தது. அவரும் விடவில்லை.

"இன்னா எல்லம்மா, தேங்கா அழுகலா?"

"தேங்கா நல்லாத்தான் கீது முதலாளி. ஒண்ணு கேக்கணும்."

ராஜகோபுர வாசலில் பிரதோஷக் கூட்டம். பக்கத்தில் கற்பூரம் விற்கும் சடையன் வாயைத் திறந்தபடி பார்த்தான். ஏகாம்பரநாதன் எண்ணெய் மில் முதலாளி, வெளியூர்க் காலேஜ் ஒன்றுக்குக் காரியதரிசி. அவரை ஒரு தட்டுக்காரி நிறுத்திவைத்து அவன் கண்டதில்லை.

எல்லம்மாளின் மகள் திரௌபதி அந்தக் காலேஜில்தான் பி.ஏ. மூன்றாம் வருஷம் படித்தாள். டைபாய்டு வந்து பன்னிரண்டு நாளாகப் படுத்திருந்தாள். டாக்டர் எழுதிய மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று ரூபாய். தட்டு விற்று மிஞ்சுவது இரண்டு. நாலு நாள் கொடுத்ததில் சூடு இறங்கிற்று. காசு தீர்ந்து நிறுத்தியதும் ஏறிக்கொண்டது. இன்னும் பத்து நாள் விடாமல் கொடுக்காவிட்டால் குடல் ஓட்டையாகிவிடும், அப்புறம் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காய்ச்சலோடு காய்ச்சலாகக் காலேஜ் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் படித்துச் சொன்னவள் திரௌபதிதான். வருஷா வருஷம் ஃபீஸோடு மருத்துவ நிதி என்று நாலு ரூபாய் வாங்குகிறார்கள். கட்டாவிட்டால் பேரைப் பதிய மாட்டார்கள். உடம்புக்கு வந்தால் நாற்பது ரூபாய் வரை மருந்துச் செலவு அதிலிருந்து தர வேண்டும். எல்லம்மாள் இரண்டு தடவை ரயிலேறிப் போனாள். மாணவி நேரில் வந்து காலேஜ் டாக்டரிடம் உடம்பைக் காட்டினால்தான் ஆகும் என்றார் குமாஸ்தா. எழுந்து நடக்கிறவளுக்கு மாத்திரை எதற்கு என்று இவள் கேட்டாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவளுக்கு எழுத்து தெரியாது. சீட்டு தெரியும். புருஷன் செத்தபின் கைக்குழந்தையோடு கீழ்பென்னாத்தூரை விட்டு வந்து, பதினெட்டு வருஷம் இந்த வாசலில் உட்கார்ந்தவள். கூட்ட நாளில் அர்ச்சனை ஆகாமல் திரும்புகிறவர்கள் அவளிடம்தான் புலம்புவார்கள். சீட்டு கிழித்தார்கள் அல்லவா, போய்க் கேள் என்று உள்ளே துரத்துவாள். அப்படிப் போனவர் யாரும் விபூதி இல்லாமல் வெளியே வந்ததில்லை.

"கையில இருக்கிறது இன்னாங்க?" என்று இப்போது கேட்டாள்.

"அர்ச்சனைச் சீட்டு."

"காசு வாங்கிக் கிழிச்சுட்டு, உள்ள போனா இன்னிக்கு அர்ச்சனை கெடையாதுன்னா சும்மா திரும்பி வருவீங்களா?"

"அது எப்படி?"

சுருக்குப்பையிலிருந்து மூன்று காலேஜ் ரசீதுகளை எடுத்து வாழைப்பழத்தின் மேல் வைத்தாள். "மூணு வருஷமா நீங்களும் சீட்டு கிழிச்சிருக்கீங்க. பொண்ணு படுத்துக்குனு கீது. அர்ச்சனைய நடத்துங்க."

அவர் விவரம் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

"தருமம் கேக்கலீங்க. கட்டுனதக் கேக்கறேன்."

சரி, நாளைக்கு மில்லுக்கு வா, பார்க்கலாம் என்றார். அப்படியானால் தட்டும் நாளைக்கே கிடைக்கும் என்றாள். பின்னால் வரிசை நீண்டது.

"பிரதோஷம் முடிஞ்சிடப் போவுது முதலாளி," என்றான் சடையன், கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டே.

ஏகாம்பரநாதன் ரசீதுகளைப் புரட்டினார். மூன்றிலும் அவருடைய ரப்பர் ஸ்டாம்பு. எழுதக் காகிதம் இல்லை. டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை அவளிடம் வாங்கி அதன் பின்புறத்தில் எழுதினார். பத்து நாளைக்கு மாத்திரை கொடுக்கவும், பில் காலேஜ் மருத்துவ நிதிக்கு. கையெழுத்துப் போட்டு, எழுதியதை வாய்விட்டுப் படித்தும் காட்டினார். படுத்திருக்கிறவர்கள் நேரில் வரத் தேவையில்லை என்று குமாஸ்தாவுக்குச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

எல்லம்மாள் தட்டை விட்டாள்.

"அறுபது பைசா," என்றாள்.

ஒரு ரூபாய் கொடுத்தார். நாற்பது பைசாவை எண்ணி அவர் கையில் வைத்தாள். சில்லறையை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாமே என்றான் சடையன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். சுவாமி புறப்பாட்டு மேளம் உள்ளே தொடங்கியது. அது தனக்கே அடிப்பதுபோல் தலையை ஆட்டிக் கேட்டாள்.

மறுநாள் காலை மருந்துக் கடையில் நாற்பது மாத்திரை கொடுத்தார்கள். கடைக்காரர் சீட்டை வாங்கிக் கம்பியில் குத்தினார். ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் தவறாமல் கொடுக்கச் சொன்னார். சாயங்காலம் திரௌபதிக்குக் காய்ச்சல் நூற்றொன்றுக்கு இறங்கியிருந்தது. அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். எல்லம்மாள் பதினாறு தட்டு விற்றாள். இரண்டு தேங்காய் அழுகல்.