எந்த நாளிலிருந்து?

“எதுக்கும் ஒருதரம் பாத்துருவோம்” என்றபடி, பூட்டிய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறார் ஷர்லி. டீக்கடைக்காரர் சர்க்கரை போட்டாயிற்று என்றாலும், ஒரு துளி ருசி பார்த்த பிறகே குடிப்பார். கீரனூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருக்குக் கணினிப் பொறுப்பு. அன்றன்றைய பதிவுகளைத் தனி டிஸ்க்கில் நகலெடுக்காமல் கிளம்ப மாட்டார், திருக்கோகர்ணம் போகும் பஸ் போய்விட்டாலும் சரி.

ஐப்பசிக் கடைசியில் நான் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தபோது, பிச்சையம்மாள் என்ற பெண் ஆவேசமாக உள்ளே வந்தார். “சக்கரைன்னு எழுதிக் குடுத்தீங்க. மாத்திரையத் தின்னுட்டு வயக்காட்டுல மயங்கி விழுந்தேன். வேற எடத்துல பாத்தா எனக்குச் சக்கரையே இல்லங்கிறாக!”

ஷர்லி அவரை உட்கார வைத்துவிட்டுப் பரிசோதனைக் கருவியில் தேடினார். அதில் பிச்சையம்மாளின் அளவு சரியாகவே இருந்தது. கணினியில்தான் அடைக்கலம் என்பவருடைய அளவு இவர் பெயரிலும் இவருடையது அவர் பெயரிலும் ஏறியிருந்தன. அப்படியானால் அந்த அடைக்கலம் தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

இன்னும் எத்தனை பேருக்கு இப்படி? எப்போதிருந்து? பழைய நகல்களில் நடுவிலுள்ள ஒன்றைத் திறந்து கருவியோடு ஒப்பிட்டார். பிசகு தெரிந்தால் அதற்கு முந்தைய நகல்கள், தெரியாவிட்டால் பிந்தையவை. பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போய் ஒரு நாளில் வந்து நின்றார். பெருமழையில் மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு, கணினி பாதிப் பதிவில் அணைந்துபோன நாள். அதற்குப் பிறகுதான் சிலருடைய முடிவுகள் அடுத்தவர் பெயரில் விழுந்திருக்கின்றன.

உரிமையாளர் சரவணக்குமாரை அழைத்து அதைக் காட்டினார். “போன வாரத்துலேர்ந்துன்னு சொல்லிக் கொஞ்சப் பேர மட்டும் கூப்புடுவோமே ஷர்லி. ஊரே பேசும்.”

“மழையில கரண்ட் போன அன்னைலேர்ந்துங்க சார். எல்லாருக்கும் சொல்லணும்.”

சரவணக்குமார் பிச்சையம்மாளைப் பார்த்தார். பிறகு, “சரி, கூப்புடுங்க” என்றார்.

ஷர்லி முதலில் அடைக்கலத்தை அழைத்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனைக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னதுனாலதானே மாத்திரைய நிப்பாட்டுனேன்! காலுல புண்ணு ஆறாமக் கெடக்குது!”

அந்தக் குரல் நிற்கவில்லை. ஷர்லி போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து, அவர் சொல்வது தெளிவாகக் கேட்பதற்காக மின்விசிறியை நிறுத்தினார்.